அம்பது பைசா கார்டுல ஆரம்பிச்சு மெயில் ஆர்ட் வரைக்கும்: கையால எழுத்து போடுறதுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்க பக்கத்துல லெட்டர்னு சொல்ல மாட்டாங்க, எழுத்துன்னுதான் சொல்லுவாங்க. "மாமாக்க எழுத்து வந்திருக்கு, வாசிச்சு குடு மக்கா"ன்னு பக்கத்து வீட்டு ஆச்சி கவரைத் தூக்கிட்டு வர்றது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்பா அப்போ மஸ்கட்ல, நாங்க கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம். வாரம் ஒரு எழுத்து, ஓரத்துல சிவப்பும் நீலமுமா கோடு போட்ட ஏர்மெயில் கவர்ல. அம்மை எழுதி முடிச்சதும் கடைசி பக்கத்துல எனக்க கையை விரிச்சு வச்சு பால் பாயிண்ட் பேனாவால விரல் விரலா சுத்தி வரைவா, பேனா முனை விரல் இடுக்குல போகும்போது கூச்சமா இருக்கும், நான் கையை இழுத்துருவேன், அதனால எல்லா எழுத்துலயும் சுண்டு விரல் பக்கம் கோடு கோணலா இருக்கும். அப்பா திரும்பி வந்தப்போ பெட்டிக்குள்ள அந்தக் கையெல்லாம் இருந்துச்சு. ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கி வெளிச்சத்துல பிடிச்சு, ஒரு வருஷத்துல எவ்ளோ வளந்திருக்கேன்னு பாப்பாராம்.

இதுக்கு மெயில் ஆர்ட்னு ஒரு பேர் இருக்குன்னு ரொம்ப வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது. அமெரிக்காவுல ரே ஜான்சன்னு ஒரு ஓவியர், 1950-கள்ல இருந்தே நண்பர்களுக்கு படம் வெட்டி ஒட்டி தபால்ல அனுப்பிட்டு இருந்தாரு. சிலதுல "இதுல நீங்களும் ஏதாவது சேர்த்து திருப்பி அனுப்புங்க"ன்னு எழுதி இருப்பாரு. கேலரி வேண்டாம், விலை வேண்டாம், வாங்குற ஆள்தான் பார்வையாளர். அவ்ளோதான் சங்கதி.

நான் நாலஞ்சு வருஷமா இதைப் பண்ணிட்டு இருக்கேன், பாதிக்கு மேல சொதப்பிதான் கத்துக்கிட்டேன். அதுல ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், கீழ வர்ற எல்லா ஸ்டெப்பும் இதை வச்சுதான். நீங்க செய்யுறது மேசை மேல வச்சு ரசிக்கிற பொருள் இல்ல, பையில திணிச்சு மெஷின்ல போயி சீல் அடி வாங்கி மழையில நனைஞ்சு போற பொருள். சீலும் மடிப்பும் கறையும் சேர்ந்துதான் அது முழுசாகும். அதனால பயணத்துக்கு தாங்குற மாதிரி செய்யணும், தபால்காரருக்கு புரியுற மாதிரி செய்யணும்.

ஸ்டெப் 1: போஸ்ட் ஆபீசுக்கு போங்க, கிராஃப்ட் கடைக்கு இல்ல

புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் முதல்ல வாஷி டேப், மெழுகு சீல், இருநூறு ரூபா பேனான்னு ஆர்டர் போட்டு வாங்கி வச்சுட்டு ஒரு எழுத்துகூட எழுதாம விட்ருவாங்க. நானும் அப்படித்தான், அந்த மெழுகு சீல் இன்னும் அலமாரியில கெடக்கு. முதல்ல போஸ்ட் ஆபீஸ்ல பத்து போஸ்ட் கார்டு வாங்குங்க, ஒண்ணு 50 பைசா, மொத்தம் அஞ்சு ரூபா, ஒரு சாயா காசுகூட வராது. இன்லேண்ட் லெட்டர் 2 ரூபா 50 பைசா. கவர்ல போட்டா 20 கிராம் வரைக்கும் 5 ரூபா. போஸ்ட் கார்டு இந்தியாவுக்கு 1879-ல வந்தப்போ விலை கால் அணா.

ஸ்டாம்ப் வாங்கும்போது அஞ்சு ரூபா ஸ்டாம்ப் ஒண்ணே ஒண்ணு வாங்காம, சின்ன மதிப்புல கலந்து கேளுங்க, ஒட்டும்போது டிசைனா அடுக்கலாம். கூட்டம் இல்லாத நேரமா போங்க. மாசத்துல முதல் வாரம் பென்ஷன், ஆர்.டி. கூட்டம் நிக்கும், அப்போ போயி "புது ஸ்டாம்ப் என்ன வந்திருக்கு, ஒவ்வொண்ணா காட்டுங்க"ன்னு கேட்டா பின்னாடி நிக்கிறவங்க பார்வையிலயே நம்மள எரிச்சிருவாங்க.

மத்த சாமானெல்லாம் வீட்டுலயே இருக்கு. பால் பாயிண்ட் பேனா, கத்தரி, ஸ்கேல், பழைய மாசக் காலண்டர், ஸ்டாம்ப் பேடு ஒண்ணு, அழிரப்பர் ரெண்டு மூணு.

ஒரு சின்ன கிளைக்கதை. எங்க அம்மச்சி கடைசி வரைக்கும் போஸ்ட் ஆபீஸை அஞ்சலாபீஸ்னுதான் சொல்லுவா, தபால்காரரை அஞ்சல்காரன்னு. அம்மச்சி என்ன இவ்ளோ சுத்தத் தமிழ் பேசுறான்னு நான் நினைச்சுப்பேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம்தானே, அங்க ராஜா காலத்துலயே தனியா ஒரு தபால் இலாகா இருந்துச்சு, அதுக்கு பேரே அஞ்சல். சங்கு போட்ட ஸ்டாம்ப் 1888-லயே அடிச்சிருக்காங்க. மணி கட்டுன கம்பு ஒண்ணு கையில வச்சுக்கிட்டு அஞ்சலோட்டக்காரன் ஓடுவான், சத்தம் கேட்டா எல்லாரும் வழி விடணும். 1951-ல தான் இந்திய தபாலோட சேர்த்தாங்க. அந்த சங்கை நான் அழிரப்பர்ல வெட்டி வச்சிருக்கேன், எனக்க எழுத்து எல்லாத்துலயும் பின்பக்கம் அதான் முத்திரை.

ஸ்டெப் 2: ஆளைப் பிடிங்க

யாருக்கு எழுதுறது? பதில் போடுற ஆளுக்கு எழுதுங்க. "ஸ்கூல்ல படிச்ச எல்லாருக்கும் ஒண்ணு"ன்னு லிஸ்ட் போட்டா மூணாவது கார்டுலயே அலுத்துரும். ரெண்டு பேர் போதும். ஒருத்தர் வயசானவரா இருந்தா ரொம்ப நல்லது, சித்தி, பெரியப்பா, பழைய டீச்சர் மாதிரி. அவங்களுக்கு எழுத்து எழுதத் தெரியும், பதில் போடணும்ங்கிற கடமையும் தெரியும். இன்னொருத்தர் நம்ம வயசு ஆள், எனக்கு அது ஹாஸ்டல்ல கூட இருந்த ஃப்ரெண்டு, இப்போ கோயம்புத்தூர்ல இருக்கா.

அட்ரஸ் கேட்கும்போது ஏன்னு சொல்லாதீங்க, "ஒண்ணுமில்ல, சும்மா"ன்னு வாங்கிக்கோங்க. கல்யாணப் பத்திரிகை வரப்போகுதுன்னு நினைச்சு இருப்பாங்க, அதுவும் ஒரு ரசம்தான்.

ஸ்டெப் 3: என்ன எழுதுறது?

அலங்காரத்துக்கு முன்னாடி இதைச் சொல்லணும், ஏன்னா எல்லாரும் நிக்கிற இடம் இதுதான். "போன்லதான் தினமும் பேசுறோமே, எழுத என்ன இருக்கு"ன்னு.

பழைய ஆளுங்க "இங்கு யாவரும் நலம், அங்கு அனைவரின் நலமறிய ஆவல்"னு ஆரம்பிப்பாங்கல்ல, அதைக் கிண்டல் பண்ண வேண்டாம். அந்த ஒரு வரிய எழுதி முடிக்கிறதுக்குள்ள கை சூடாயிரும், அடுத்த வரி தானா வரும். வெட்கமா இருந்தா அதையே கொஞ்சம் மாத்திக்கோங்க. நான் "இங்கு யாவரும் சளி, அங்கு எப்படி"ன்னு ஆரம்பிச்சிருக்கேன்.

அடுத்து, இப்போ கண்ணு முன்னாடி என்ன இருக்கோ அதை எழுதுங்க. பெரிய செய்தியெல்லாம் போன்லயே போயிருக்கும், எழுத்துக்கு மிஞ்சுறது போன்ல சொல்லத் தோணாத சின்ன விஷயம்தான். எனக்க கடைசி எழுத்துல இருந்து ஒரு துண்டு (மரச்சீனின்னா மரவள்ளிக் கிழங்கு, சாளைன்னா மத்தி மீன், சம்மந்தின்னா துவையல்):

"மழை விடல. துணி உள்ள கெடந்து நாத்தம் அடிக்குது, ஃபேன் கீழ வரிசையா நாற்காலி போட்டு காய வச்சிருக்கேன், வீட்டுக்கு யாரு வந்தாலும் உக்கார இடம் இல்ல. அம்மை மரச்சீனி அவிச்சு வச்சிருக்கா, சாளைக் கறி தீந்து போச்சு, வெறும் மிளகு சம்மந்தியோட தின்னுட்டே இதை எழுதுறேன், கீழ தெரியுற மஞ்சக் கறை தேங்கா எண்ணெய், மன்னிச்சுரு. நம்ம ரூம்ல சுவத்துல ஒரு பல்லி இருந்துச்சே, அதுக்கு என்ன பேர் வச்சோம்? ரெண்டு நாளா யோசிக்கிறேன், வரமாட்டேங்குது."

கடைசியில ஒரு கேள்வி இருக்கு பாத்தீங்களா, அதுதான் தூண்டில். பதில் சொல்லியே ஆகணும்னு தோணுற சின்னக் கேள்வி ஒண்ணு எல்லா எழுத்துலயும் வைங்க. "எப்படி இருக்க"ன்னு கேட்டா யாரும் பதில் போட மாட்டாங்க. பல்லிக்க பேரைக் கேட்டா போடுவாங்க. வந்துச்சு, ஆறாவது நாள்.

கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்குன்னு தயங்குறவங்களுக்கு ஒரு வழி இருக்கு. போன்ல தட்டித் தட்டி நமக்கு ழ எது ள எதுன்னே சந்தேகம் வந்துருச்சு, போன்தான் திருத்திக் குடுக்குது. தினம் ஒரு குறளை மெதுவா, பெரிசா பாத்து எழுதுங்க, ஏழே ஏழு சீர்தான், ரெண்டு நிமிஷம். ஒரு மாசத்துல கை பழகிரும். எழுத்துல அடிச்சுத் திருத்துனா அப்படியே விடுங்க, ஒயிட்னர் போடாதீங்க, அடிச்ச வார்த்தைய வெளிச்சத்துல பிடிச்சு வாசிக்கிறதுல ஒரு சுகம் இருக்கு.

ஸ்டெப் 4: கவர் நீங்களே செய்யுங்க

மாசக் காலண்டர் தாள்ல 18 சென்டிமீட்டருக்கு 18 சதுரமா ஒரு துண்டு வெட்டுங்க. படம் உள்ள பக்கம் கீழ இருக்கணும். சதுரத்தை வைரம் மாதிரி திருப்பி வச்சு, நடுவுல ஒரு போஸ்ட் கார்டை படுக்க வைங்க, கார்டு 14-க்கு 9 சென்டிமீட்டர். இடது முனையையும் வலது முனையையும் கார்டு மேல மடக்குங்க, கார்டை ஒட்டி இறுக்காம ஒரு நூல் அளவு இடம் விட்டு மடக்கணும், இல்லேன்னா அப்புறம் எழுத்து உள்ள போகாது. கீழ் முனையை மேல மடக்கி அந்த ரெண்டு முனை மேலயும் ஒட்டுங்க. கார்டை உருவிட்டு உள்ள எழுத்தை வச்சு மேல் முனையை மூடுங்க. அவ்ளோதான், எளுப்பம்.

காலண்டர் தாள் வழவழன்னு இருக்குறதால பேனா பிடிக்காது, மை தேய்ஞ்சு போயிரும். அட்ரசுக்கு வெள்ளைத் தாள் ஒண்ணு வெட்டி மேல ஒட்டியே ஆகணும். அப்புறம் சாமி படம் உள்ள காலண்டர் வேண்டாம். ஒரு தடவை முருகன் படத்துல கவர் செஞ்சுட்டேன், அம்மை பாத்துட்டு "சாமிக்க மூஞ்சியில சீல் குத்துவானுவளே, உனக்கு கூசலையா"ன்னு கேட்டா. அதுல இருந்து நகைக்கடை, ஜவுளிக்கடை காலண்டர்ல இயற்கைக் காட்சி மட்டும்தான்.

எடையையும் பாத்துக்கோங்க. சாதா ஏ4 தாள் ஒண்ணு 5 கிராம் வரும். கவர் ஒரு 5 கிராம்னு வச்சா, மூணு தாள் வரைக்கும் 5 ரூபா ஸ்டாம்புல போகும், நாலாவது தாள் வச்சா அடுத்த அஞ்சு ரூபா. ஒட்டுன படம், பசை எல்லாம் எடைதான். ஸ்டாம்ப் குறைஞ்சா குறைஞ்ச காசுக்கு ரெண்டு மடங்கா வாங்குறவங்ககிட்ட கேப்பாங்க, நம்ம அன்பை அவங்க காசு குடுத்து வாங்குன மாதிரி ஆயிரும். சமையக்கட்டு தராசு இருந்தா நிறுத்துப் பாருங்க, இல்லேன்னா கவுண்டர்ல குடுங்க.

பசைக்கு ஃபெவிகால் போதும். நிறைய ஒட்டுறதுன்னா மைதா பசை காய்ச்சுங்க, ரெண்டு ஸ்பூன் மாவை பச்சத் தண்ணியில கட்டி இல்லாம கரைச்சு, ஒரு டம்ளர் தண்ணி சேர்த்து சிம்ல வச்சு கண்ணாடி மாதிரி ஆகுற வரைக்கும் கிண்டணும். மரச்சீனி மாவுலயும் இதே பக்குவம்தான், அது இன்னும் தெளிவா வரும். போஸ்டர் ஒட்டுறவங்க பூச்சிக்கு மயில்துத்தம் சேர்ப்பாங்க, அது விஷம், பிள்ளைங்க உள்ள வீட்டுல வேண்டாம். ரொம்ப மெலிசா தடவி, ஒட்டுனதும் கனமான புக்குக்கு அடியில ஒரு ராத்திரி வைங்க, இல்லேன்னா தாள் அப்பளம் மாதிரி வளைஞ்சுரும்.

ஸ்டெப் 5: அலங்காரம், நம்ம ஊர் சாமான்லயே

இதுதான் எனக்கு பிடிச்ச இடம், கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

காய் அச்சு. வெண்டைக்காயைக் குறுக்க வெட்டி ஸ்டாம்ப் பேடுல ஒத்தி கார்டுல வச்சா பூ, இது ஸ்கூல்லயே எல்லாரும் செஞ்சிருப்பீங்க. வாழை மட்டையைக் குறுக்க வெட்டிப் பாருங்க, உள்ள கட்டம் கட்டமா அறை இருக்கும், அது அப்படியே வலை மாதிரி பிறை வடிவத்துல விழும். வெட்டுன உடனே தண்ணி கசியும், துணியில ஒத்தி எடுத்து பத்து நிமிஷம் விட்டு அப்புறம் மையில வைங்க.

அழிரப்பர் அச்சு. படத்தை பென்சில்ல அழுத்தி தாள்ல வரைஞ்சு, அந்தத் தாளை அழிரப்பர் மேல கவுத்திப் போட்டு நகத்தால தேய்ச்சா படம் கண்ணாடியில தெரியுற மாதிரி இடம் வலம் மாறி ஒட்டும், அதை அப்படியே வெட்டுனா அச்சுல நேரா விழும். பேப்பர் கட்டர் போதும், பிளேடை வெளிப்பக்கமா சாய்ச்சு வெட்டணும், உள்ள பக்கம் சாய்ச்சா மெலிசு கோடெல்லாம் ரெண்டு அச்சுல பிஞ்சு வந்துரும். தமிழ் எழுத்து வெட்டுறவங்க ட, ப, ம இந்த மாதிரி நேர்க்கோடு உள்ளதுல ஆரம்பிங்க. நான் எடுத்த எடுப்புலயே எனக்க பேர்ல உள்ள ஜ-வை வெட்டப் போயி மூணு ரப்பரைப் பாழாக்குனேன்.

மீன் அச்சு. ஜப்பான்ல மீன் மேல மை தடவி தாளை வச்சு ஒத்தி எடுப்பாங்க, கியோடாக்குன்னு பேர். நமக்கு மீனுக்கா பஞ்சம். ஒரு சாளையைக் கழுவி, டிஷ்யூவால ஈரம் நல்லா துடைச்சு, வாட்டர் கலர் கறுப்பை தலையில இருந்து வால் பக்கமா மெலிசா தடவி, மெல்லிசு தாளை மேல போட்டு விரல் நுனியால பைய அமத்தி அமத்தி எடுத்தேன். செதில் ஒவ்வொண்ணும் தனித்தனியா விழுந்திருந்துச்சு, வால்ல உள்ள கோடுகூட. கண்ணு மட்டும் வராது, அதை பேனாவால வைக்கணும். ரெண்டு நாள் வெயில்ல காய வச்சும் லேசா வாடை இருந்துச்சு, அனுப்பிட்டேன். ஃப்ரெண்டு வீட்டுல அவங்க பூனை கவரை விட்டு நகரலையாம். கலர் தடவுன மீனைக் கறிக்கு எடுக்காதீங்க.

பூவும் இலையும். தோவாளைப் பூச்சந்தைக்குப் போனா பூவைப் பாத்ததும் கை பரபரக்கும், ஆனா எல்லாப் பூவும் புக்குல வச்சா நிக்காது. பிச்சியும் மல்லியும் பழுப்பு ஆயிரும். கேந்தி (துலுக்கச் சாமந்தி) இதழ், வாடாமல்லி இதழ் கலர் நிக்கும், பூவா வைக்காம இதழைப் பிச்சு ஒத்தையா வைங்க. பழைய டெலிபோன் டைரக்டரிதான் பெஸ்டு, மை கலந்த வழவழ தாள்ல வைக்கக் கூடாது. நமக்கு ஜூன்லயும் மழை, ஐப்பசியிலயும் மழை, ரெண்டு பருவமும் வாங்குற மாவட்டம், அதனால ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பக்கத்தை மாத்தலேன்னா பூசணம் பிடிக்கும். அரசிலையை மூணு நாலு வாரம் தண்ணியில ஊறப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால மெதுவா தட்டிக் கழுவுனா நரம்பு மட்டும் வலை மாதிரி நிக்கும், தண்ணி நாறும், வீட்டுக்குப் பொறத்த வைங்க.

இப்போ எனக்க பெரிய சொதப்பல். முதல் வருஷம் முட்டம் கடற்கரையில பொறுக்குன குட்டிச் சிப்பிங்க, ஒரு சிட்டிகை மணல் எல்லாம் கவர்ல போட்டு அனுப்புனேன், "கடலையே அனுப்புறேன்"னு பெருமையா எழுதி வேற. போய்ச் சேர்ந்தது ஓரத்துல ஓட்டை விழுந்த கவரும் கொஞ்சம் பொடியும்தான். தப்பு எனக்குத்தான், சீல் அடிக்கிற இடத்துல சிப்பி இருந்தா நொறுங்காம என்ன செய்யும். மணலும் பட்டனும் குண்டு மணியும் மெஷினுக்கும் ஆகாது, அடுத்தவங்க எழுத்துக்கும் ஆகாது. கன்னியாகுமரியில ஏழு கலர் மணல்னு பாக்கெட்ல விப்பாங்கல்ல, அதையும் கவர்ல போடாதீங்க. விரலால தடவுனா மேடு தட்டுதான்னு பாருங்க, தட்டுனா எடுத்துருங்க. ஸ்டேப்ளர் பின், கிளிப்பும் வேண்டாம். நூல்ல தைச்ச படம் ஓகே, முடிச்சை மட்டும் டேப் போட்டு அமத்துங்க.

போஸ்ட் கார்டுலயும் இன்லேண்டுலயும் இன்னும் கொஞ்சம் கண்டிப்பு. கார்டுல அட்ரஸ் பக்கத்துல வலது பாதி அட்ரசுக்கு மட்டும்தான், அங்க படம் கூடாது. ஒட்டுற தாள் மெலிசா இருக்கணும், ஓரம் தூக்காம முழுசா ஒட்டணும். இன்லேண்டுக்குள்ள எதையும் வச்சு அனுப்பக் கூடாது, பூ இதழ்கூட. சொந்தமா அட்டையில கார்டு செஞ்சா கவர் ரேட்டுக்கே 5 ரூபா ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்க, ஒரு பிரச்சினையும் வராது.

ஸ்டெப் 6: ஸ்டாம்பும் சீலும்

ஸ்டாம்ப் வலது மேல் மூலை. அது மேல பெயிண்ட், டேப், கிளிட்டர் எதுவும் படக் கூடாது, மறைச்ச ஸ்டாம்ப் செல்லாது. சீல் படாம தப்பிச்ச பழைய ஸ்டாம்பைப் பிச்சு மறுபடி ஒட்டுறது குற்றம், எங்க மாமா ஒருத்தர் இதுல பெரிய கில்லாடின்னு பேர், நீங்க செய்யாதீங்க. மெயில் ஆர்ட்காரங்க சொந்தமா ஸ்டாம்ப் மாதிரி வரைஞ்சு ஒட்டுவாங்க, ஆர்டிஸ்டாம்ப்னு சொல்றது, அது பின்பக்கம் மட்டும் இருக்கட்டும், ரூபா மதிப்பு போடாதீங்க.

எழுத்துல சொல்ற விஷயத்துக்கு ஏத்த ஸ்டாம்ப் கிடைச்சா ஒரு தனி சந்தோஷம். நாகர்கோவில்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கு 2008-ல ஸ்டாம்ப் வந்துச்சு, திருவள்ளுவருக்கு 1960-லயே வந்தாச்சு. பழசு கிடைக்கிறது கஷ்டம், ஸ்டாம்ப் சேக்குறவங்ககிட்ட கேட்டு வாங்கலாம். உங்க போட்டோவே வேணும்னா மை ஸ்டாம்ப்னு ஒரு திட்டம் 2011-ல இருந்து இருக்கு, 12 ஸ்டாம்ப் உள்ள ஒரு ஷீட்டா போட்டுக் குடுப்பாங்க, கல்யாண நாளுக்கு நல்லா இருக்கும்.

சீல் விஷயத்துல நம்ம மாவட்டத்துக்கு ஒரு யோகம் இருக்கு. சுற்றுலா ஊர்கள்ல உள்ள சில போஸ்ட் ஆபீஸ்ல சாதா வட்ட சீலுக்குப் பதிலா படம் போட்ட சீல் வச்சிருப்பாங்க, கன்னியாகுமரி போஸ்ட் ஆபீசும் அதுல ஒண்ணு. பெட்டியில போட்டா அந்த சீல் விழாது, கவுண்டர்ல குடுத்து கேட்கணும். வெளியூர் ஃப்ரெண்டு வந்தா நான் கன்னியாகுமரி முனைக்கு கூட்டிட்டுப் போயி, அவங்க பேருக்கே அவங்க ஊர் அட்ரசுக்கு ஒரு கார்டு எழுத வச்சு சீல் வாங்கிப் போட்டு விட்ருவேன். அவங்க ஊர் போய் சேந்து ரெண்டு நாள் கழிச்சு அவங்க கையெழுத்தே அவங்களைத் தேடி வரும்.

ஸ்டெப் 7: அட்ரஸ்

இங்க மட்டும் கலையைக் காட்டாதீங்க. நீலம் இல்லேன்னா கறுப்பு, பால் பாயிண்ட். ஜெல் பேனாவும் இங்க் பேனாவும் ஒரு துளி மழையில கலங்கிரும். எழுதி முடிச்சதும் மெழுகுவர்த்தியை அட்ரஸ் மேல லேசா ஒரு தடவை தேய்ங்க, தண்ணி ஒட்டாது.

நம்ம ஊர்ல ரெண்டு ஊருக்கு ஒரு ஊர் "விளை"யில முடியும், ஒரே பேர்ல நாலு விளை இருக்கும். வீட்டுக்கு நம்பர் இருக்காது, பேர்தான் இருக்கும். அதனால வீட்டுப் பேர், ஊர், அப்புறம் போஸ்ட் ஆபீஸ் பேர், மாவட்டம், கடைசியா பின்கோடு, இது அஞ்சும் தனித்தனி வரியா வரணும். பின்கோடு வந்தது 1972-ல, ஆறு எண்ணு. முதல் 6 தமிழ்நாடு, கேரளா பக்கம், முதல் மூணு எண்ணு சேர்த்து எந்த மாவட்ட வட்டாரம்னு சொல்லும், நமக்கு 629. கடைசி மூணுதான் எந்த போஸ்ட் ஆபீஸ்னு காட்டுறது, நாகர்கோவில் ஹெட் ஆபீஸ்னா 629001, கன்னியாகுமரின்னா 629702. ஒரு எண்ணு மாறுனா எழுத்து ஊர் சுத்திட்டு வரும். அனுப்புநர் அட்ரஸ் இடது கீழயோ பின்பக்கமோ கண்டிப்பா இருக்கணும். எவ்ளோ அலங்காரம் பண்ணாலும் அட்ரஸைச் சுத்தி ரெண்டு விரல் அகலத்துக்கு வெறும் இடம் விடுங்க.

பெட்டியில போடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, முன்னாடியும் பின்னாடியும். தொலைஞ்சா அதாவது மிஞ்சும். ரொம்ப முக்கியமானதுன்னா ஸ்பீட் போஸ்ட், ரிஜிஸ்டர்டு போஸ்ட்டை 2025-ல அதோடதான் சேர்த்துட்டாங்க. ஆனா ஸ்பீட் போஸ்ட்ல பார்கோடு ஸ்டிக்கர் நம்ம படத்துக்கு மேலயே வந்து உக்காரும், அதுக்கும் ஒரு இடம் விட்டு வைங்க.

ஸ்டெப் 8: கூட்டமா விளையாடுறது

ரே ஜான்சன் செஞ்சதை நம்ம வீட்டுலயே செய்யலாம். ஒரு அட்டை, அஞ்சு பேர், அஞ்சு அட்ரஸ். முதல் ஆள் ஒரு மூலையில ஏதாவது வரைஞ்சு கவர்ல போட்டு ரெண்டாவது ஆளுக்கு, அவர் சேர்த்து மூணாவது ஆளுக்கு. எங்க குடும்பத்துல செஞ்சோம், நாகர்கோவில், மார்த்தாண்டம், சென்னை, பெங்களூர், திரும்ப எங்க வீடு. சென்னையில சித்தப்பா கையில போயி கிணத்துல போட்ட கல்லு மாதிரி ஆறு வாரம் கெடந்துச்சு. எல்லாக் கூட்டத்துலயும் ஒரு சித்தப்பா உண்டு. அதனால அட்டைக்குப் பின்னாடி ஒவ்வொருத்தர் பேருக்கு நேரா "வந்த தேதி, அனுப்புன தேதி"ன்னு கட்டம் போட்டு விடுங்க, லைப்ரரி புக்கு மாதிரி. தேதி எழுதுற கட்டம் காலியா இருந்தா மனுஷனுக்கு உறுத்தும்.

வெளிநாட்டு ஆளுங்களோட மாத்திக்கணும்னா போஸ்ட்கிராசிங் இருக்கு, 2005-ல போர்ச்சுகல்ல ஒருத்தர் ஆரம்பிச்சது, நீங்க ஒருத்தருக்கு கார்டு அனுப்புனா வேற யாரோ ஒருத்தர் உங்களுக்கு அனுப்புவாங்க. கார்டுல ஒரு வரி தமிழ்ல எழுதி கீழ அர்த்தம் எழுதுங்க, ரொம்ப ரசிப்பாங்க. முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு வீட்டு அட்ரஸ் குடுக்க யோசனையா இருந்தா, ஆபீஸ் இல்லேன்னா கடை அட்ரஸ் குடுங்க.

ஸ்டெப் 9: வந்ததை வைக்கிறது

நம்ம காத்துல உப்பும் ஈரமும் ஜாஸ்தி. பிளாஸ்டிக் கவர்ல அடைச்சு வச்சா உள்ள வேர்த்து மை கலங்கும். அட்டைப் பெட்டியோ தகரப் பெட்டியோ போதும், மூலையில காஞ்ச வேப்பிலை போட்டு வைங்க, மாவுப் பசை ஒட்டுனதெல்லாம் கரப்பானுக்கு விருந்து. வருஷத்துல ஒரு நாள் வெயில்ல இல்ல, நிழல்ல பரத்தி காத்தாட விடுங்க. ரப்பர் பேண்டு போடாதீங்க, வெயில் காலத்துல உருகி தாளோட ஒட்டிக்கும்.

கடைசியா, தொடர்ந்து எழுத ஒரு சாக்கு வேணும்னு கேக்குறவங்களுக்கு நான் இப்போ பண்ணிட்டு இருக்குறதைச் சொல்றேன். முனையில நிக்கிற வள்ளுவர் சிலை 133 அடி, குறள்ல 133 அதிகாரம், அதுக்காகத்தான் அந்த அளவு. பீடம் 38 அடி, அறத்துப்பால்ல 38 அதிகாரம். மேல சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்த்து 95. அதே கணக்குல அதிகாரத்துக்கு ஒரு போஸ்ட் கார்டு, ஒரு குறள், அதுக்கு ஒரு அச்சு, ரெண்டு வரி வீட்டுக் கதைன்னு கோயம்புத்தூர் ஃப்ரெண்டுக்கு அனுப்பிட்டு இருக்கேன். 133 கார்டுக்கும் மொத்த செலவு 66 ரூபா 50 பைசா. போன வாரம் 38 முடிஞ்சுது, ஊழ், அதுக்கு அந்த நொறுங்குன சிப்பியைத்தான் அச்சா வெட்டிப் போட்டேன். "பீடம் கட்டியாச்சு, இனி வள்ளுவரோட கால் விரல்ல இருந்து ஆரம்பி"ன்னு பதில் வந்திருக்கு. அடுத்தது இறைமாட்சி. ராஜாவுக்கு என்ன வரையுறதுன்னு தெரியாம வாழை மட்டையை கையில வச்சுட்டு உக்காந்திருக்கேன்.